கேண்டீன் அக்காவின் வீட்டுக்காரர்

முதலாண்டில் எங்களுக்கு இதழியல் அறிமுகப் பாடம் வாரத்தில் இரண்டு நாள், காலை எட்டு மணிக்கு. நான் சிம்பாங் அம்பாட்டிலிருந்து பினாங்குத் தீவுக்குப் படிக்க வந்து பல்கலைக்கழக விடுதியில் தங்கியிருந்தேன். வகுப்பில் முப்பது பேர். பாதிப் பேர் டிவியில் செய்தி வாசிக்கும் ஆசையோடு வந்தவர்கள். மீதிப் பேர், என்னையும் சேர்த்து, கேட்ட துறை கிடைக்காததால் வந்தவர்கள். ஆனாலும் ஒரு மாதத்திலேயே எனக்கு அந்த வகுப்பு பிடித்துப்போனது. ஏசி குளிருக்குப் பயந்து எல்லோரும் ஸ்வெட்டரோடு உட்கார்ந்திருப்போம். பழைய கணினிகள் திறந்து முடிப்பதற்குள் ஒரு மைலோ குடித்துவிட்டு வரலாம்.

பாடம் நடத்தியவர் ஒரு சீனர், பல வருடம் நிருபராக இருந்தவர். மலாயில் நடத்துவார், கோபம் வந்தால் ஆங்கிலத்துக்குப் போய்விடுவார். செமஸ்டர் நடுவிலும் கடைசியிலும் வகுப்பே சேர்ந்து நான்கு பக்கப் பயிற்சி இதழ் ஒன்றைக் கொண்டுவர வேண்டும். ஆளுக்கு ஒரு கட்டுரை. யாராவது ஒரு மனிதரை நேரில் பார்த்துப் பேசி எழுத வேண்டும்.

மற்றவர்கள் பஸ் பிடித்து ஜார்ஜ் டவுனுக்குப் போனார்கள். ஒருத்தன் ஃபெர்ரி ஊழியரைப் பிடித்தான். என் அறைத்தோழி, கெடாவிலிருந்து வந்த மலாய்ப் பெண், ரிக்‌ஷாக்காரர் ஒருவரோடு அரை நாள் சுற்றினாள். நானும் போவதாகத்தான் இருந்தேன். காலையிலிருந்து மழை. சோம்பல் வந்துவிட்டது. தினமும் சாப்பிடும் கேண்டீனிலேயே ஆள் இருக்கும்போது எதற்கு நனைய வேண்டும் என்று நினைத்தேன்.

கேண்டீனில் நம் சாப்பாட்டுக்கென்று இருந்த ஒரே கடை அந்த அக்காவுடையது. நாற்பது நாற்பத்தைந்து வயது இருக்கும். கழுத்து மூடிய டி-ஷர்ட், ஏப்ரன், தலையில் தொப்பி. மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் நோட்டுப் புத்தகத்தோடு எதிரே போய் உட்கார்ந்தேன். வெங்காயம் உரித்துக்கொண்டே பேசினார். விடியற்காலையில் மோட்டார் சைக்கிளில் பசாருக்குக் காய்கறி வாங்கப் போவது, இரண்டு பிள்ளைகளையும் பள்ளிக்கு அனுப்புவது, எல்லாம் சொன்னார்.

"வீட்டுக்காரர் ஒத்தாசைக்கு வர மாட்டாரா அக்கா?" என்று கேட்டேன்.

"அவரு இல்லமா. எல்லாத்தையும் நான் ஒருத்தியாதான் பாக்கறேன். பழகிப்போச்சு லா."

சொல்லிவிட்டுத் தலையைக் குனிந்து புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். வெங்காயம்தான் காரணம் என்பது இப்போது தெரிகிறது. அன்றைக்கு அழுகிறார் என்றே நினைத்தேன். எப்போது, எப்படி என்று கேட்பது அநாகரிகம் என்று தோன்றியது. மெதுவாக நோட்டுப் புத்தகத்தை மூடிவிட்டு ஒரு போட்டோ மட்டும் எடுத்துக்கொண்டேன். நான் எவ்வளவு பண்பான பெண் என்று எனக்கே பெருமையாக இருந்தது.

கட்டுரை ஒரே மூச்சில் வந்தது. கணவரை இழந்தும் கலங்காத பெண் என்று மலாயில் தலைப்பு வைத்தேன். விதவை என்ற சொல்லை மூன்று இடத்தில் போட்டேன். இதழுக்கு ஆசிரியராக இருந்த சீனப் பையன் படித்துவிட்டு, "ரொம்ப நல்லா இருக்கு" என்று முதல் பக்கத்தில் போட்டான். நூலக வாசலில் நின்று விநியோகித்தோம். அக்காவுக்கும் ஒரு பிரதி கொண்டுபோய்க் கொடுத்தேன். கல்லாவில் கூட்டமாக இருந்தது. "என் போட்டோவா! வூட்ல போயி படிக்கறேன்மா," என்று மடித்து வைத்துக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து அறைத்தோழி மூச்சு வாங்க ஓடிவந்து, அக்கா என்னைத் தேடுகிறார் என்றாள். பாராட்டத்தான் கூப்பிடுகிறார் என்று நினைத்துப் போனேன்.

கல்லா மேல் எங்கள் இதழ் விரித்து வைக்கப்பட்டிருந்தது.

"வா பொண்ணு. என் வீட்டுக்காரரு எப்ப செத்தாரு?"

"நீங்கதான் அக்கா சொன்னீங்க... அவரு இல்லன்னு."

"இல்லன்னா இங்க இல்லன்னு அர்த்தம்! கடல் தாண்டி சரவாக்ல, மீரியில கப்பல் பட்டறையில வெல்டிங் வேல பாக்கறாரு. வருசத்துக்கு ரெண்டு தடவ வருவாரு. ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் இல்ல?"

மன்னித்துவிடுங்கள் என்று ஏதோ சொன்னேன். அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கியிருப்பேன். பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"நான் படிச்சப்ப சிரிச்சேன்மா. மவ போட்டோ புடிச்சு குடும்ப வாட்ஸ்அப்ல போட்டுட்டா, அம்மா பேப்பர்ல வந்திருக்குன்னு. அவ முழுசா படிக்கல. கெப்பாலா பத்தாஸ்ல இருக்கற அவரோட அக்கா படிச்சிட்டு அழுதுகிட்டே போன் பண்றாங்க, என் தம்பி போனத எப்படி எங்ககிட்ட மறைச்சேன்னு. ஐயோ அண்ணி, அது தப்பா போட்டுட்டாங்கன்னா நம்ப மாட்டேங்கறாங்க. சரி, அவரையே பேச வைக்கலாம்னு போன் அடிச்சேன். எடுக்கல."

அவர் குரல் கொஞ்சம் இறங்கியது.

"கப்பலுக்குள்ள வேல பாத்தா லைன் கிடைக்காது. எனக்குத் தெரியும். எத்தனையோ நாள் அப்படித்தான். ஆனா அன்னைக்கு நாலு மணி நேரம் எடுக்கல. அண்ணி அந்தப் பக்கம் அழறாங்க. உன் பேப்பரு எதிர்ல கெடக்கு. கடைசியில நானே நம்பிட்டேன்மா. சாமி முன்னாடி போயி உக்காந்துட்டேன். ராத்திரி அவரே கூப்பிட்டப்புறம்தான் எந்திரிச்சேன்."

நான் அழுதேன். அவர் ஒரு கப் தே தாரேக் டீயை நுரை பொங்க ஆற்றி என் முன்னால் வைத்துவிட்டு, வந்த ஆளுக்குச் சோறு போட எழுந்து போனார்.

மறுநாள் வகுப்பில் நானே எழுந்து நடந்ததைச் சொன்னேன். சிலர் சிரித்தார்கள். அடுத்த இதழில் திருத்தம் போடலாம் என்று யாரோ சொன்னார்கள். விரிவுரையாளர் என்னையே பார்த்தார். "அடுத்த இதழ் செமஸ்டர் கடைசியில். அதுவரைக்கும் அந்த அம்மா விதவையாகவே இருக்கணுமா?" என்றார். பிறகு திட்டவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது.

அன்று மதியமே ஒற்றைத் தாளில் திருத்தம் எழுத உட்கார்ந்தேன். முதலில் ஒரு பக்கம் வந்தது. மிகவும் வருந்துகிறேன், ஆழ்ந்த மனவேதனை, எல்லாம் இருந்தது. விரிவுரையாளர் சிவப்புப் பேனாவால் ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தார். நான்காவது தடவை மிஞ்சியது இவ்வளவுதான்: கேண்டீன் கடைக்காரரின் கணவர் உயிரோடு இருக்கிறார். மீரியில் வேலை செய்கிறார். கட்டுரையில் வந்தது தவறு. எழுதியவர் கேட்டுத் தெரிந்துகொள்ளவில்லை.

அந்தக் கடைசி வாக்கியத்தை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகினார். நான் எடுக்கவில்லை.

அதே நூலக வாசலில் நின்று கொடுத்தேன். வாங்கிப் படித்தவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டு போனார்கள். காதெல்லாம் எரிந்தது. கொஞ்ச நேரத்தில் அறைத்தோழி வந்து ஒரு கட்டுத் தாள்களை வாங்கிக்கொண்டாள். பிறகு ஆசிரியராக இருந்த பையனும் வந்தான். "நானும் கேட்காமதானே முதல் பக்கத்தில் போட்டேன்," என்று மலாயில் சொல்லிவிட்டு எதிர்ப்பக்கத்துக் கதவருகே போய் நின்றான். தாள் தீரும்வரை மூன்று பேரும் நின்றோம். அதன் பிறகு மூன்று வருடமும் எங்களைப் பிரித்துப் பார்த்தவர்கள் இல்லை.

அக்காவின் கடைக்கு ஒரு வாரம் போகவில்லை. எட்டாம் நாள் அவரே ஆள் அனுப்பினார். "கோவம் எனக்கா உனக்கா? வந்து சாப்பிடு லா."

தீபாவளிக்கு இரண்டு நாள் முன்பு, பாதி மாணவர்கள் ஊருக்குப் போய்விட்ட மத்தியானம், கடை முன்னால் உயரமான ஒருவர் நின்றிருந்தார். வெயிலில் கறுத்த முகம், கைகளில் சின்னச் சின்னத் தீக்காயத் தழும்புகள்.

"இதுவா என்னைக் கொன்னது?" என்று உரக்கக் கேட்டார்.

நான் இரண்டடி பின்னால் போனேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அக்கா, "பச்சப் புள்ளையப் பயமுறுத்தாதீங்க," என்று கரண்டியால் அவர் முதுகில் தட்டினார். அவ்வளவு நாள் பார்த்த முகம்தான், ஆனால் அன்றைக்குத் தொப்பி இல்லை. நெற்றியில் பெரிய பொட்டு, தலை நிறையப் பூ. மீரியில் எங்கே வேலை, லைன் எப்போது கிடைக்கும், எத்தனை வருடமாக அங்கே என்று அவரிடம் நான் கேள்வி மேல் கேள்வி கேட்டேன். அவரும் சலிக்காமல் சொன்னார்.

போகும்போது ஒரு பொட்டலம் சரவாக் மிளகு கொடுத்து, "உங்கம்மாகிட்ட குடு," என்றார். திருத்தத் தாளில் ஒன்று கேட்டு வாங்கிக்கொண்டார். "நான் உசுரோட இருக்கேன்னு பேப்பர்லயே வந்திருக்கு. அங்க எவனுக்கு இந்தப் பெரும உண்டு?"

அந்தப் பாடத்தில் எனக்கு பி கிரேடு கிடைத்தது. நாங்கள் படிப்பை முடித்த வருடம் கேண்டீன் குத்தகை மாறி, அக்கா கடையை மூடிவிட்டார். எங்கே போனார் என்று தெரியவில்லை. நான் இப்போது செபராங் ஜெயாவில் ஒரு சின்ன அலுவலகத்தில் இணையதளச் செய்திகளைத் திருத்துகிறேன். கணினிகள் உடனே திறந்துகொள்கின்றன. தவறு நேர்ந்தால் ஒரு பொத்தானை அழுத்திச் சத்தமில்லாமல் மாற்றிவிடலாம், யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு தடவை அப்படிச் செய்யும்போதும், அந்த நூலக வாசலும், காது எரிய நின்ற மத்தியானமும், தாள்களோடு என் கூட நின்ற அந்த இரண்டு பேரும் வேண்டும்போல் இருக்கிறது.