ஆளுக்கு ஒரு பிடிக் கொழுந்து

போன ஞாயிற்றுக்கிழமை ஹட்டனில் ஒரு மீட்டிங். கஷ்டப்படுகிற குடும்பங்களுக்கு உதவ ஒரு சங்கம் அமைக்கலாம் என்று கூப்பிட்டிருந்தார்கள். போனேன். தலைவர் யார், உபதலைவர் யார், போர்டில் யார் பெயர் முதலில்... உதவி யாருக்கு என்ற பேச்சு வருவதற்குள் தேநீர் வந்துவிட்டது.

நான் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே மூடுபனி இறங்கிக்கொண்டிருந்தது. முதலில் மலை போயிற்று. அப்புறம் ரோடு. அப்புறம் எதிர்க்கடை. எல்லாம் போன பிறகு, அந்த வெள்ளைக்குள் முதுகில் கூடையோடு பெண்கள் நடந்து போகிற மாதிரி இருந்தது. தூங்கிவிட்டேனா? இல்லை... பத்து வருஷம் பின்னால் போய்விட்டேன்.

அப்போது டிக்கோயாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கப்பிள்ளை. பெண்கள் பறித்து வருகிற கொழுந்தை நிறுத்துப் பேர் போடுவது என் வேலை. சொன்ன எடை இருந்தால் முழுப் பேர். குறைந்தால் அரைப் பேர் — சம்பளமும் பாதி. அரைப் பேராகவே விழுந்தால் ஒருநாள் பேரையே வெட்டிவிடுவார்கள். பேர் போனால், தோட்டம் கொடுத்த லயத்து வரிசை வீட்டில் குடியிருக்கிற ஒற்றை அறையும் போகும்.

மீனாச்சி என்று ஒரு பெண். முப்பது வயசிருக்கும். புருஷன் நெஞ்சு நோயில் படுக்கையில். இரண்டு சின்னப் பிள்ளைகள். விறகு வெட்டும்போது வலது கையில் கத்தி பட்டு, சீழ் பிடித்து, ஒரு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்து வந்தாள். புண் ஆறிவிட்டது. ஆனால் இரண்டு விரல்கள் மடங்கவில்லை. கொழுந்து பறிக்கிறவளுக்கு விரல்தானே எல்லாம்?

முதல் நாள் அரைப் பேர். இரண்டாம் நாளும் அரைப் பேர். மூன்றாம் நாள் அவள் கூடை சரியான எடைக்கு வந்து நின்றது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. இன்னொரு தடவை நிறுத்தேன். அதே எடை. அந்த வாரம் முழுக்க அப்படியேதான்.

ஒருநாள் காலையில் மலைக்கு ஏறிப் போனேன். நல்ல பனி. பத்தடி தள்ளி ஆள் தெரியாது. பேச்சுச் சத்தமும், கொழுந்து ஒடிகிற சத்தமும் மட்டும் மிதந்து வரும். கடைசிச் செடி நிரையில் மீனாச்சி குனிந்து பறித்துக்கொண்டிருந்தாள்.

பனிக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. அவள் முதுகுக் கூடையில் ஒரு பிடிக் கொழுந்தைப் போட்டுவிட்டு மறைந்தது. கொஞ்ச நேரத்தில் இன்னொரு கை. வளையல் போட்ட கை, சுருக்கம் விழுந்த கை, பச்சை குத்திய கை... முகமே கிடையாது. கைகள் மட்டும். சத்தமில்லாமல் வந்து, சத்தமில்லாமல் போயின. கனவில் நடக்கிற காரியம் மாதிரி இருந்தது.

அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

தோட்டத்துச் சட்டப்படி நான் தடுத்திருக்க வேண்டும். தடுக்கவில்லை. அந்தப் பெண்களில் மூத்தவர் லெச்சுமி அக்கா. மத்தியானம் அவரைத் தனியாகப் பார்த்து, இதை ஏற்பாடு செய்தது யார் என்று கேட்டேன்.

“யாரும் ஏற்பாடு பண்ணலீங்க ஐயா. ஒருத்தி போட்டா. மத்தவ பாத்தா. அவ்வளவுதாங்க” என்றார். கூடையைத் தூக்கிக்கொண்டே, “ஒரு பிடி போனா யாருக்கும் பேரு கொறையாதுங்க. ஒருத்தியே நெறச்சா அவளுக்குக் கொறஞ்சிரும்ல?” என்றார்.

தலைவர் இல்லை, போர்டு இல்லை. சங்கம் நடந்துகொண்டிருந்தது!

கெடுத்தது நான்தான். அன்று சாயங்காலம் நிறுக்கும்போது, சும்மா இருக்கக் கூடாதா? “என்ன மீனாச்சி, கை பழையபடி ஆயிருச்சு போல” என்றேன்.

அவளுக்கு ஒரே சந்தோஷம். விரல் இன்னும் மடங்கவில்லை, ஆனால் கொழுந்து எப்படியோ சேர்ந்துவிடுகிறது, எல்லாம் மாரியம்மன் கண் பார்த்ததுதான் என்று சொல்லிக்கொண்டே போனாள். பின்னால் ஒரு பெண்ணுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. மீனாச்சி திரும்பினாள். ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். யாரும் அவள் கண்ணைப் பார்க்கவில்லை.

புரிந்துவிட்டது. வெறுங்கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மறுநாளிலிருந்து ஒதுங்கி நின்று தனியாகப் பறித்தாள். யார் கிட்டே வந்தாலும் கூடையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். அரைப் பேர். மறுநாளும் அரைப் பேர். நான்தான் போட்டேன். போடுகிறபோது என் கை எனக்கே பிடிக்கவில்லை. தோட்டத்தை நடத்துகிற துரை என்னைக் கூப்பிட்டு, இந்த வாரம் பார், தேறாவிட்டால் பேரை வெட்டிவிடு என்றார்.

அதை லெச்சுமி அக்காவிடம் சொன்னேன். அவர் அன்றைக்கே போய் மீனாச்சியிடம் சொல்லியிருக்கிறார்.

அடுத்த நாள் காலை. பெண்கள் நிரை பிடிக்க நின்றார்கள். மீனாச்சி நேராக நடுவில் வந்து நின்றாள். தலை குனியவில்லை.

“போடுறதா இருந்தா என் முன்னால போடுங்க. யாரு போட்டீங்கன்னு எனக்குத் தெரியணும். நாளைக்கு ஒங்களுக்கு ஒண்ணுன்னா நான் யாருக்குப் போடணும்னு தெரிய வேணாமா?”

லெச்சுமி அக்கா முன்னால் வந்து, பக்கத்துச் செடியில் நாலைந்து கொழுந்தை ஒடித்து, அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். மீனாச்சி அவரை ஒரு முறை நன்றாகப் பார்த்தாள். பிறகு திரும்பி, முதுகுக் கூடையைத் தாழ்த்திக் கொடுத்தாள்.

மழைக்காலம் முடிவதற்குள் அந்த விரல்களை விட்டுவிட்டு, இடது கையால் வேகமாகப் பறிக்கக் கற்றுக்கொண்டாள். பேர் வெட்டப்படவில்லை. அந்த ஒற்றை அறையில்தான் அவள் பிள்ளைகள் வளர்ந்தார்கள்.

வலது கை கொடுப்பது இடது கைக்குத் தெரியக் கூடாது என்றுதான் நமக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். கொடுக்கிறவருக்கு அது அழகுதான். வாங்குகிறவருக்கு எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டுப் பார்த்தோமா? மீனாச்சிக்குத் தேவைப்பட்டது கொழுந்து மட்டுமா? தானும் ஒருநாள் கொடுக்கப் போகிறவள்தான் என்று நாலு பேர் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

சரி, அதில் உன் பங்கு என்ன என்று கேட்கிறீர்களா? அவர்கள் கொழுந்து போடும்போதெல்லாம் அந்தப் பக்கம் பார்க்காமல் நின்றேன் — கணக்கப்பிள்ளைக்கு அதுவே பெரிய நன்கொடை!