நேரில் கண்டதாக ஒரு கையெழுத்து

ஒரு மனிதர் உயிரோடு இருக்கிறார் என்று எழுதிக் கொடுக்க, அவரை எவ்வளவு பார்த்திருக்க வேண்டும்? இப்படி ஒரு கேள்வி இருப்பதே ஞானஜோதிக்கு இருபத்து நான்கு வயது வரை தெரியாது.

குரோம்பேட்டையில் பள்ளி ஆசிரியராக இருந்த வேதசிரோமணியின் மகள் அவள். 1986இல் வங்கித் தேர்வில் தேறி, மேற்குத் தாம்பரத்தில் ஒரு கிளையில் பயிற்சி அதிகாரியாகச் சேர்ந்தாள். பெரிய கெட்டிக்காரி என்று சொல்வதற்கில்லை. சொன்னதைச் சொன்னபடி செய்வாள். பயிற்சி என்பது இரண்டு வருடம் மேசை மேசையாக உட்கார்ந்து எழுவதுதான். லெட்ஜர், டிராஃப்ட், பிறகு மாதிரிக் கையெழுத்து அட்டைகள். செக்கில் இருக்கும் கையெழுத்தை அட்டையோடு ஒத்துப் பார்க்கும்போது எழுத்தைப் பார்ப்பதில் பயனில்லை, பேனா எங்கே தயங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டும் என்பதைச் சீக்கிரம் பிடித்துக்கொண்டாள். சில மாதங்களில் வாடிக்கையாளர்களின் முகம் மறந்து கையெழுத்து மட்டும் நினைவிருந்தது. அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

1988 நவம்பரில் அவளைப் பென்ஷன் பிரிவில் போட்டார்கள். வருடத்துக்கு ஒருமுறை அந்த மாதத்தில் பென்ஷன்காரர்கள் நேரில் வர வேண்டும். ‘இவர் இன்று உயிருடன் இருப்பதை நேரில் கண்டேன்’ என்று அதிகாரி கையெழுத்துப் போட வேண்டும். போடாவிட்டால் பணம் நின்றுவிடும்.

முதல் நாள் ஒவ்வொருவரையும் நிமிர்ந்து பார்த்து, “நல்லா இருக்கீங்களா?” என்று கேட்டாள். பதினோரு மணிக்குள் வரிசை படியிறங்கித் தெருவுக்குப் போய்விட்டது.

“என்னம்மா, மாப்பிள்ளையா பாக்கறே?” என்றார் பிரிவு அதிகாரி ஸ்ரீநிவாசராகவன். “பேப்பரப் பாரு. நம்பர், போட்டோ, கையெழுத்து. மூணும் சரியா இருந்தா ஆளும் சரியாத்தான் இருப்பான்.”

தண்ணீர் கொண்டுவந்து வைத்த பியூன் துரைராஜ் சிரித்தார். “நவம்பர் வந்தா செத்தவன்கூட எய்ந்து வந்து க்யூல நின்னுக்குவான் மேடம். பயப்படாம டிக் போடுங்க.”

மூன்றாம் நாளிலிருந்து அவள் தலை நிமிரவில்லை. மணிக்கு நாற்பது பேர்.

டிசம்பர் பிறந்தபோது ஒருவர் மட்டும் பாக்கி. ரத்தினம், ரயில்வேயில் ஃபிட்டராக இருந்தவர். படுத்த படுக்கையாகக் கிடக்கிறார் என்று அவர் மகள் சரசு வந்து சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நவம்பர் பணம் நின்றிருந்தது. இப்படிப்பட்டவர்களை வீட்டுக்கே போய்ப் பார்த்து எழுதலாம் என்று விதி உண்டு. “நாளைக்குக் காலைல வர்றோம்னு தகவல் சொல்லிடு,” என்றார் ஸ்ரீநிவாசராகவன்.

மறுநாள் பத்து மணிக்கு ஞானஜோதியும் துரைராஜும் சேலையூர் கேம்ப் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கினார்கள். துரைராஜ் தெருமுனை டீக்கடையில் நின்றுகொண்டார். “நீங்க போய் வாங்க மேடம். இது ரெண்டு நிமிசத்து வேல.”

ஒரே அறை. கட்டிலில் கழுத்துவரை போர்வையும் தலையில் மஃப்ளருமாக ரத்தினம் படுத்திருந்தார். சரசு கைகூப்பி, “தூங்குறாரு மேடம். கை நடுங்கும், நான் புட்ச்சிக்கிறேன்,” என்றாள். ஞானஜோதி மைப்பெட்டியையும் படிவத்தையும் அட்டைமேல் வைத்து நீட்டினாள். சரசு போர்வைக்குள்ளிருந்து இடது கையை எடுத்து, கட்டைவிரலை மையில் ஒற்றி, காட்டிய இடத்தில் அழுத்தினாள்.

ரேகை அழகாக விழுந்தது. கலங்கல் இல்லை, இழுபடல் இல்லை. நம்பரைச் சரிபார்த்தாள். தேதி போட்டாள். நேரில் கண்டேன் என்ற வரிக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள். பிறகு, விரலில் மை இருக்கிறதே என்று, யாரும் சொல்லாமல், பஞ்சை எடுத்துத் துடைக்கப் போனாள்.

விரல் சில்லென்று இருந்தது. மடங்கவில்லை.

பஞ்சு கீழே விழுந்தது. அப்போதுதான் முகத்தைப் பார்த்தாள். மஃப்ளர் குளிருக்குக் கட்டியதல்ல, தாடையைத் தாங்கக் கட்டியது. கண் முழுதாக மூடியிருக்கவில்லை. ஞானஜோதி ஓரடி பின்வாங்கினாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள். இறந்தவரைத் தொட்டது பெரிய அதிர்ச்சிதான். ஆனால் அவரைவிட அந்தப் படிவம்தான் அவளைப் பயமுறுத்தியது. ஈரம் காயாத தன் கையெழுத்து அதில் இருந்தது. இரண்டடி தூரத்தில் இவ்வளவு நேரம் நின்றிருக்கிறாள்.

“எப்போ?”

“விடியக்காலைல மேடம்.”

“என்கிட்ட சொல்லல?”

“சொன்னா நீங்க போட மாட்டீங்க.” சரசுவின் குரலில் ஏமாற்றுக்காரியின் பயம் இல்லை. களைப்பு மட்டும் இருந்தது. “போன மாசத் துட்டு தானே மேடம்? போன மாசம் உசிரோட தானே இருந்தாரு? அத்தக் குடுத்தா அப்பாவ எடுத்துருவேன். கைல அஞ்சு ரூபாதான் கீது. நாளைக்கே வந்து செத்துட்டார்னு எய்தித் தரேன். சத்தியமா.”

ஞானஜோதி பேனாவை மூடினாள். வாரிசுச் சான்று, மனு, தலைமை அலுவலகம் என்று போனால் அந்தப் பணம் வர ஆறு மாதம் ஆகும் என்பது அவள் கற்ற பாடங்களில் ஒன்று. பொய்ச் சான்று எழுதியவருக்கு என்ன ஆகும் என்பது இன்னொன்று. அந்த மாதக் கடைசியில் அவள் வேலை நிரந்தரமாக வேண்டியிருந்தது.

“அக்கம்பக்கம் யாருக்கும் தெரியாதா?”

“அய்தா தெரிஞ்சிடும்ல? காலைலேர்ந்து அய்வாம ஒக்காந்துகினு கீறேன். நீங்க போனதும் அய்துக்கறேன்.”

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். ஞானஜோதி படிவத்தை எடுத்தாள். நாலாகக் கிழித்துக் கைப்பையில் போட்டாள். சரசு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

ஞானஜோதி போகவில்லை. கட்டிலருகே முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து ரத்தினத்தின் முகத்தைப் பார்த்தாள். நெற்றியில் பழைய தழும்பு ஒன்று. மூன்று நாள் தாடி. காதோரம் முடி மட்டும் இன்னும் கறுப்பு. நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கிறாளா, ஜெபிக்கிறாளா என்று சரசுவுக்குத் தெரியவில்லை.

பிறகு பையிலிருந்து இன்னொரு படிவத்தை எடுத்தாள். சரசுவைக் கூப்பிடாமல், விறைத்த அந்தக் கையைத் தன் கையிலேயே எடுத்து, விரலுக்கு மை தடவி அழுத்தினாள். இந்தமுறை ரேகை ஓரத்தில் கலங்கியது. தேதி போட்டாள். கையெழுத்தும் போட்டாள்.

அன்று பிற்பகல் சரசுவின் கைக்குப் பணம் போனது. மறுநாள் அவள் சொன்னபடி வந்து எழுதிக் கொடுத்தாள். ஸ்ரீநிவாசராகவன் இரண்டு தாள்களிலும் நம்பரை மட்டும் ஒத்துப் பார்த்துச் சேர்த்துக் கட்டிவைத்தார். ஜனவரியில் ஞானஜோதிக்கு நிரந்தர உத்தரவு வந்தது. தெரியாமல் போட்டதைக் கிழித்தவள், தெரிந்தே இன்னொன்றை ஏன் போட்டாள் என்று அவள் யாரிடமும் சொன்னதில்லை.