யானை வர அறுபது நொடி

ஒரு நொடி எவ்வளவு நீளம் என்று உங்களில் யாருக்காவது சரியாகத் தெரியுமா? எனக்கும் தெரியாமல்தான் ஓசூரில் கம்ப்யூட்டர் கேம் செய்யும் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். இந்தத் தொழிலில் சாப்பாட்டு வேளை தவிர எல்லாவற்றுக்கும் டைமர் உண்டு.

எங்கள் ஐந்து கேமிலும் டைமர் ஐந்து விதமாக இருந்தது. "எந்த கேமில் தூக்கிப் போட்டாலும் ஓடுற மாதிரி ஒரே ஸ்கிரிப்ட் எழுதுங்கம்மா. மாசக் கடைசிக்குள்ள ஓடுச்சுன்னா வேலை நிரந்தரம். இல்லைன்னா பார்ப்போம்" என்றார் முதலாளி. அந்தப் 'பார்ப்போம்' எப்படிப்பட்டது என்று வேலைக்குப் போனவர்களுக்குத் தெரியும்.

வராத யானை

முதலில் தக்காளித் தோட்ட கேமில் போட்டேன். அறுபது நொடியில் யானை வரும். அதற்குள் பறித்து முடிக்க வேண்டும். மூன்று, இரண்டு, ஒன்று, பூஜ்யம். நான் யானைக்காக மூச்சைப் பிடித்து உட்கார்ந்திருக்கிறேன். எண் பாட்டுக்கு மைனஸ் ஒன்று, மைனஸ் இரண்டு என்று பாதாளத்துக்கு இறங்குகிறது! பூஜ்யத்தில் நில் என்று எழுத மறந்திருந்தேன். யானையை நாலு நாள் உட்கார்ந்து வரைந்த பாகலூர் மஞ்சுளா எட்டிப் பார்த்து, கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டாள். "அய்யோ தேவரே! என்னக்கா, என் யானை சானமாவு காட்டுலயே படுத்துடுச்சா?"

ஐந்து மடங்கு அவசரம்

சனிக்கிழமை வீட்டுக்காரருக்கு ஷிஃப்ட். மூன்று வயசுப் பாப்பாவை ஆபீசுக்கே கூட்டிப்போனேன். அவளுக்கு 'மறுபடியும்' பட்டன் பிடித்துப்போய், அமுக்கு அமுக்கென்று அமுக்கினாள். பழைய டைமரை நிறுத்தாமலே புதிதைக் கிளப்பும்படி எழுதியிருந்தேன் போல. பழையதும் புதிதுமாக ஐந்து டைமர் சேர்ந்து ஓடியதில் அறுபது நொடி பன்னிரண்டில் தீர்ந்தது. பாப்பா கண்ணை உருட்டினாள். "அம்மா, நம்பரை யாரும்மா தொரத்துறாங்க?"

டீ மணி

இரண்டையும் திருத்தியதும் ஐந்து கேமிலும் டைமர் ஓடியது. பாக்கி இருந்தது, பத்து நிமிடம் பிசகாமல் ஓடுகிறதா என்ற சோதனை. அதே கம்ப்யூட்டரின் கடிகாரத்தோடு ஒப்பிட்டால் திருடனையே சாட்சிக்குக் கூப்பிட்ட மாதிரி என்று முதலாளி சொல்லிவிட்டார். என் வாட்சையும் போனையும் பாப்பா தண்ணீர் டிரம்மில் குளிப்பாட்டியிருந்தாள். எதிர் பாக்டரியில் டீ இடைவேளை தொடங்கும்போது ஒரு மணி, பத்து நிமிடத்தில் முடியும்போது ஒரு மணி. தெருவே நம்பும் மணி. எனக்கு வேறென்ன வேண்டும்?

டைமரைப் பத்து நிமிடத்துக்கு வைத்து, முதல் மணிக்குக் கிளப்பினேன். பூஜ்யமும் வந்தது, யானையும் வந்தது, தோட்டமும் காலி. இரண்டாவது மணி மட்டும் அதற்கப்புறம் சாவகாசமாகத்தான் அடித்தது. மூன்று நாள் இதே கூத்து. ஸ்கிரிப்டை வரி வரியாகப் பிரித்து மேய்ந்தும் தப்பு அகப்படவில்லை. மாசக் கடைசியும் வந்துவிட்டது. முதலாளியிடம் தோல்வியை ஒப்புக்கொள்ள எழுந்தவள், எதற்கும் இருக்கட்டும் என்று எதிர் பாக்டரி கேட்டுக்கு ஓடி, மணி அடிக்கும் செக்யூரிட்டி அண்ணனைக் கேட்டேன்: "உங்க கடிகாரம் மெதுவா ஓடுதாண்ணா?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். "அது சரியாத்தாம்மா ஓடுது. டீ கொதிக்கக் கொதிக்க வருது, எப்படிக் குடிப்பாங்க? மூணு நிமிஷம் ஆறட்டும்னு விட்டுத்தான் அடிப்பேன்."

எனக்கு அங்கேயே குதிக்கத் தோன்றியது. அவர் கை வாட்சையே கழற்றி வாங்கிக்கொண்டு ஓடினேன். முதலாளி பார்க்கப் பார்க்க, பத்தாவது நிமிடம் நொடி பிசகாமல் யானை வந்தது. வேலை நிரந்தரம்!

ஐந்து கேமுக்கு எழுதின டைமர் ஆறாவதாக எதிர் பாக்டரியையும் பிடித்துவிட்டதால், வாட்சைத் திருப்பிக் கொடுத்தபோது அண்ணன் கெஞ்சினார்: "உன் வேலை நிரந்தரமாயிடுச்சு, ரொம்ப சந்தோசம்மா. என் வேலையும் நிக்கணும்னா, அந்த மூணு நிமிஷத்தை எங்க சூப்பர்வைசர்கிட்ட மட்டும் சொல்லிடாதம்மா!"