தீபாவளி சிறப்பு நாவலில் என் இடது காது

தாம்பரத்தில் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும். குரோம்பேட்டையில் ஏறுகிறவர்களுக்குக் கிடைக்காது. அதனால் காலை மின்சார ரயிலில், பெண்கள் பெட்டியில், என் வலப்பக்கம் கைப்பையை வைத்து, அங்கே ஏறும் என் தோழிக்கு இடம் பிடிப்பேன். எழும்பூரில் ஓர் அலுவலகத்தில் நான் டைப்பிஸ்ட். அவளுக்கு அடுத்த ஸ்டேஷனான பார்க்கில் வேலை. எண்பதுகளின் பின்பாதி முழுக்க அப்படித்தான் போய்வந்தோம்.

எங்களைச் சேர்த்துவைத்தவை மாத நாவல்கள். பிளாட்பாரக் கடையில் நான் துப்பறியும் கதை வாங்கினால் அவள் காதல் கதை வாங்குவாள். படித்துவிட்டு மாற்றிக்கொள்வோம். ரத்தம் தெறிக்கிற கதைகள் எங்களுக்கு ஆகாது. ஏற்காட்டில் ஒரு பங்களா, விருந்துக்கு வந்த உறவுக்காரர்கள், பாலில் எதையோ கலந்த ஒருவர், கடைசியில் காபி ஆற்றிக்கொண்டே அது யாரென்று சொல்லிவிடும் ஓர் அத்தை. இது போதும் எங்களுக்கு. காதல் கதைகள் பொங்கலுக்கும் தீபாவளிக்கும் சிறப்பிதழாக வரும். போனவன் பண்டிகை நாளில் திரும்பி வருவான். படிக்கும்போதே தெரியும், இருந்தாலும் கண் கலங்கும். படிக்காதவரிடம் முடிவைச் சொல்லக் கூடாது என்பது மட்டும் எங்களுக்குள் இருந்த சட்டம்.

சின்ன வயதில் சீழ் வைத்து என் இடது காது போய்விட்டது. பெண் பார்க்க வருகிறவர்களிடம் அதைச் சொல்லக் கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. அவர்களை என் வலப்பக்கமாக உட்காரவைத்துச் சமாளித்துவிடுவாள். அப்படி ஒரு வரன் அமைந்தது. மாப்பிள்ளை ஒருநாள் என் அலுவலகத்துக்குப் போன் செய்து தனியாகப் பேச வேண்டும் என்றார். வீட்டில் ஓவர்டைம் என்று சொல்லிவிட்டுத் திருநீர்மலைக்குப் போனேன். படியேறும்போது அவர் இடப்பக்கமிருந்து ஏதோ கேட்டிருக்கிறார், எனக்குக் கேட்கவில்லை. மறைக்க மனம் வராமல் விஷயத்தைச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே இந்தப் பக்கம் வந்து, "அப்ப இனிமே நான் எப்பவும் உன் வலது பக்கமாவே நடக்கறேன்" என்றார். ஒரு வாரம் தரையில் கால் பாவாமல் திரிந்தேன். பிறகு ஜாதகம் சரியில்லை என்று அவர்கள் வீட்டிலிருந்து சொல்லி அனுப்பினார்கள்.

அம்மா ஜாதகத்தை நம்பினாள். எனக்குக் காரணம் தெரியும். திருநீர்மலை, வலது பக்கம், அந்த வாக்கியம் எல்லாவற்றையும் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னேன். ரயிலில் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் இறங்க வேண்டிய இடம் அல்ல என்றாலும் அன்று எழும்பூரில் என்னோடு இறங்கி, நான் முகம் கழுவும்வரை நின்றுவிட்டு, அடுத்த வண்டியில் போனாள்.

அடுத்த வருடத் தீபாவளி சிறப்பிதழ் அவள் முறை. கடையில் தீர்ந்துவிட்டது என்று சொன்னாள். நானும் அதோடு விட்டுவிட்டேன். ஆனால் பக்கத்து வீட்டு அக்கா வாங்கியிருந்தார், அதை அம்மா இரவல் வாங்கி வந்தாள். ஞாயிற்றுக்கிழமை மதியம் ரசித்துப் படித்துக்கொண்டிருந்தவள் திடீரென்று மூக்குக் கண்ணாடியைக் கழற்றினாள்.

"காது விஷயம் அந்தப் பையனுக்கு எப்படிடி தெரியும்?"

எந்தப் பையன் என்று கேட்டேன். புத்தகத்தை என்னிடம் நீட்டினாள். கதாநாயகிக்கு இடது காது கேட்காது, பெண் பார்க்க வந்தவர்களிடம் அதை மறைத்திருக்கிறார்கள். மலைக்கோயில் படியில் கதாநாயகன், இனி எப்போதும் உன் வலது பக்கமாகவே நடப்பேன் என்கிறான். ஒரு சொல் மாறவில்லை. மேலட்டையில் யாரோ ஒரு புனைபெயர். அந்த மாப்பிள்ளையிடம் நான்தான் சொன்னேன் என்று அம்மாவிடம் ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று. அந்த வாரம் முழுக்க அவள் என்னோடு பேசவில்லை.

அன்று சாயங்காலமே முழுவதையும் படித்தேன். அந்தக் கதையில் அவன் நல்லவன். அவன் தாய் விஷம் குடிப்பேன் என்று மிரட்டியதால்தான் விலகுகிறான். அவள் அழுதுகொண்டே காத்திருக்கிறாள். தீபாவளியன்று விடிகாலையில் அவன் வந்து நிற்கிறான். நான் காத்திருக்கவில்லை. எனக்கு அந்த ஆள் மேல் கொலைவெறி வந்தது, அதையும் வார்த்தை வார்த்தையாக என் தோழியிடம்தான் கொட்டியிருந்தேன். அதை மட்டும் அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

மறுநாளும் இடம் பிடித்தேன். அவள் வந்து உட்கார்ந்ததும் புத்தகத்தை மடியில் வைத்தேன்.

"நீதான எழுதின?"

அவள் மறுக்கவில்லை. பல வருடமாகக் கதை அனுப்பிக்கொண்டிருந்தாளாம், எல்லாம் திரும்பி வந்ததாம். இது ஒன்றைத்தான் எடுத்துக்கொண்டார்களாம். அவள் எழுதிக்கொண்டிருந்ததே அன்றுதான் எனக்குத் தெரியவந்தது.

"உன் பேரு எங்கயுமே வரலடி" என்றாள். "உனக்காகத்தான் அவனைத் திரும்பி வரவெச்சேன். நல்ல முடிவு குடுத்திருக்கேன்."

"அவன் வரலியே" என்றேன்.

எழும்பூரில் இறங்கும்போது புத்தகத்தை அவளிடமே விட்டுவிட்டேன். மறுநாளிலிருந்து ஒரு வண்டி முன்னதாகப் போக ஆரம்பித்தேன்.

அடுத்த இதழின் பின்பக்கத்தில் வாசகர் கடிதங்கள் வந்திருந்தன. கடையிலேயே நின்று படித்தேன். அந்தப் பெண்ணின் பொறுமை எல்லாப் பெண்களுக்கும் பாடம் என்று ஒருவர் எழுதியிருந்தார். இன்னொரு அம்மாள் அவர்கள் இருவரும் நீடூழி வாழ ஆசீர்வதித்திருந்தார். கடைக்காரர் வேண்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்று கொக்கியிலேயே மாட்டிவிட்டேன்.

தொண்ணூறுகளில் அவள் நிறைய எழுதினாள். குரோம்பேட்டை லெண்டிங் லைப்ரரியில் அந்தப் புனைபெயருக்கென்று தனி அடுக்கே இருந்தது. எனக்குக் கல்யாணமாகி, பையனைப் பள்ளியில் விட்டுவிட்டு அங்கே போவேன். பங்களாக் கொலைகளை மட்டும் எடுத்து வருவேன். கோபமெல்லாம் எப்போதோ ஆறிவிட்டது. ஒன்றுதான் இன்னும் உறுத்துகிறது. தினமும் பக்கத்தில் உட்கார்ந்து வந்தவள், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் எழுதிக்கோ என்றுகூடச் சொல்லியிருப்பேன். முடிவை மட்டும் மாற்றச் சொல்லியிருப்பேன்.