அண்ணனுக்கு வைத்த பல்

பல்செட் செய்கிற லேபில் எல்லாருக்கும் அவள் செட்டக்கா. பல் செய்வதால் வந்த பேர் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். அவள் வாயைத் திறந்தால் அந்த ஒரு வார்த்தைதான். அச்சில் ஊற்றிய மாவு இறுகினால் செட் ஆயிடுச்சு. மூலையில் நின்று அரட்டை அடிப்பவர்கள் அந்த செட். லீவு வேண்டுமென்றால் மேனேஜரை செட் பண்ணணும். மூன்றே வருடத்தில் முறிந்த கல்யாணத்தைப் பற்றித் துருவிக் கேட்டவர்களுக்கும், "செட் ஆகல, வந்துட்டேன்," அவ்வளவுதான் பதில்.

ஆனால் செய்த பல்லைப் பற்றி அந்த வார்த்தையை லேசில் சொல்லிவிட மாட்டாள். போட்டுக்கொண்டவர் கடித்து, சிரித்து, பேசிக் காட்ட வேண்டும். இருபது வருடத்தில் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அந்தத் திமிர் அவளுக்கு உண்டு. இருக்கட்டுமே, உழைத்துச் சேர்த்த திமிர்தானே.

முதன்முதலில் திரும்பி வந்தது சொந்த அண்ணனின் பல். அவர் பஸ் ஸ்டாண்டில் மைக்கில் அறிவிப்பு சொல்பவர். புதுப் பல்லோடு "பஸ்" என்றாலே பல்லிடுக்கிலிருந்து விசில் பறந்தது. பிளாட்பாரமே சிரித்தது. திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் பதிவு செய்த குரலைப் போட்டுவிடுவதாக அதிகாரி சொல்லிவிட்டார்.

"விடு, இருபத்தெட்டு வருஷம் கத்தியாச்சு," என்றார் அண்ணன். முகம் செத்துப்போயிருந்தது. அதைப் பார்த்ததும் இவள் நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பேசாம உக்காரு. இது இன்னும் செட் ஆகல, அவ்வளவுதான்."

நாற்காலியில் உட்காரவைத்து நூறு தடவை "பஸ்" சொல்லச் சொன்னாள். ஒரு விசில்கூட வரவில்லை. பேய் பிடித்த பல்லா இது? அரத்தால் கொஞ்சம் ராவிப் பார்க்கலாமா என்று தோன்றியது. ஆனால் காரணம் தெரியாமல் கை வைப்பவள் அல்ல அவள். சாமான் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, "கிளம்பு, உன் மைக் ரூமுக்குப் போலாம்," என்றாள்.

அங்கே பார்த்ததும் புரிந்துவிட்டது. மேசை மைக் குட்டை, அண்ணன் நெட்டை. குனிந்து கழுத்தை நீட்டிப் பேசும்போது தாடை முன்னால் வந்துவிடுகிறது. இவளோ, நாற்காலியில் சாய்ந்திருந்த வாய்க்கு அளவெடுத்திருக்கிறாள்.

"தப்பு என்னோடதுண்ணே," என்றாள், கூச்சமே இல்லாமல். "நீ வேலை செய்யற மாதிரி உன்னைப் பார்க்காம விட்டுட்டேன்."

அங்கேயே குனியவைத்து, மெழுகைக் கடிக்கவைத்து, புது அளவெடுத்தாள். சனி, ஞாயிறு இரண்டு நாளும் லேபைத் திறந்து முன்பற்களை மாற்றி அடுக்கினாள்.

திங்கள் காலை கூட்டத்தோடு கூட்டமாக மூன்றாம் பிளாட்பாரத்தில் நின்றாள். ஒலிபெருக்கி கரகரத்தது. அடுத்த பஸ், அதற்கடுத்த பஸ், தாமதமாக வரும் பஸ் என்று அண்ணன் மூச்சுவிடாமல் சொல்லி முடித்தார். விசில் இல்லை.

பக்கத்தில் மூட்டையோடு நின்ற ஒரு அம்மா காதைத் தீட்டிக்கொண்டு கேட்டாள். "என்னம்மா, மெஷின் குரல் போட்டுட்டாங்களா? இவ்வளவு சுத்தமா இருக்கு?"

"மெஷின் எங்கம்மா இப்படிப் பேசும்?" என்றாள் செட்டக்கா. "குரல் எங்க அண்ணனோடது. பல்லு என்னோடது."