வாழைக்குக் கட்டிய தாலி

பேய், சாமி, ஜாதகம் எதையும் மதிக்காத ஆள் நான், கள்ளக்குறிச்சியில் என் பைக் மெக்கானிக் கடைக்கு வந்து யாரை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், வண்டியில் திருஷ்டிக்கு எலுமிச்சம்பழம் கட்டியிருந்தால் பிய்த்து ஜூஸ் போட்டுக் குடித்துவிடுவேன். அப்பேர்ப்பட்டவன் ஒரு வாழை மரத்துக்குத் தாலி கட்டினேன் என்று சொல்லவே நாக்கூசுகிறது.

எனக்கு முதல் தாரம் தங்காதாம். வாழைக்குத் தாலி கட்டி வெட்டிவிட்டால் கண்டம் அதோடு போய்விடும் என்றார் ஜோசியர். "வர்ற பொண்ணு உசுரோட இருக்க வேணாமாடா?" என்று அம்மா ஒரே அழுகை. கல்வராயன் மலை அடிவாரத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னாலேயே வாழைத்தோட்டம். அம்மா, பூசாரி, நான், வேறு யாருமில்லை. குலை தள்ளாத மரத்துக்கு மஞ்சள் புடவை சுற்றி, தாலி கட்டி, அரிவாளால் வெட்டினேன். பெண் வீட்டாரிடம் மூச்சு விடக்கூடாது என்று அம்மா சத்தியம் வாங்கிக்கொண்டாள், நானும் தலையாட்டினேன்.

கல்யாணமான புதிது, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். என் மனைவி சுமதி சோறு போட்டுக்கொண்டே கேட்டாள்.

"ஏங்க, தோட்டத்துல மஞ்சப்பொடவ கட்டிக்கினு ஒரு அக்கா நின்னுக்கினு இருக்காங்களே, யாருங்க? கூப்ட்டா வூட்டுக்குள்ள வரமாட்டேங்கறாங்க."

நம்பினால் நம்புங்கள், எச்சில் கையோடு எழுந்துவிட்டேன். ஓடிப்போய்ப் பார்த்தால் யாருமில்லை, வெட்டின அடிமரத்தில் குருத்து விட்டிருந்தது, வாழை என்றால் துளிர்க்கத்தானே செய்யும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். பக்கத்து நிலத்துக்காரர் சம்சாரம் என்று சுமதியிடம் புளுகினேன். அதுதான் வினையாகிப்போனது, அவள் அந்த அக்காவுக்குத் தினமும் சோறு கொண்டுபோய்ப் பேசிவிட்டு வர ஆரம்பித்தாள்.

ஒருநாள் கண் கலங்கி வந்தாள். "பாவங்க அவங்க. கட்டிக்கினவனே அருவாள தூக்கிட்டானாம். எனக்கு அப்டி ஒரு புருஷன் வாச்சிருந்தா அன்னிக்கே பொறந்த வூட்டுக்குப் போயிருப்பேன்."

எனக்கு இவளும் போய்விட்டால் என்ன செய்வேன் என்று பயம், அதைவிட, எதுவும் தெரியாமல் நான் வெட்டினதற்காக முந்தானையில் கண்ணைத் துடைக்கிறாளே என்கிற வெட்கம். உட்காரவைத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன், ஜாதகம், புடவை, தாலி, அவளிடம் மறைத்தது வரை. கடையில் வாய் கிழியப் பேசுகிறவனுக்கு அவள் முகத்தைப் பார்க்கத் திராணி இல்லை. பெட்டியைத் தூக்குவாள் என்றுதான் நினைத்தேன்.

"தெரியுங்க" என்றாள். "நீங்களா சொல்றீங்களான்னு பாத்துக்கினு இருந்தேன். ஆனா வெட்டறப்ப சிரிச்சீங்களாமே, அது ஏங்க?"

சுமதி போகவில்லை, இன்றைக்கும் என்னோடுதான் இருக்கிறாள். அந்தக் கேள்விக்கு மட்டும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை. "உங்கம்மாவே சொல்லியிருப்பாங்க" என்பீர்கள். சிரித்தது நிஜம்தான், கூச்சத்தில் வந்துவிட்ட சிரிப்பு, சத்தம்கூட இல்லை. ஆனால் அம்மாவும் பூசாரியும் என் முதுகுக்குப் பின்னால் நின்றார்கள். என் முகத்துக்கு எதிரே இருந்தது அந்த மரம் மட்டும்தான்.