களத்தில் சொல்லக்கூடாத சொல்

மச்சாள் என்னோடு கதைக்காமல் விட்டதற்குக் காரணம் நெல்லின் உயரம். அவர் என் கணவரின் அக்கா. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் தன் வயலைத் தனியாகச் செய்கிறவர். என் பேச்சைக் கேட்டுத்தான் அந்தப் போகம் குட்டை ரகம் விதைத்தார். பக்கத்து வயலின் பழைய நெட்டை நெல் மார்பளவுக்கு எழும்ப, இவருடையது இடுப்பைக்கூடத் தொடவில்லை.

"வளராத நெல்ல என்ட தலையில கட்டிற்றாள்," என்று ஊரெல்லாம் சொன்னார்.

எனக்கு ரோசம் வந்துவிட்டது. நான் உயிரியல் படிப்பிக்கிறவள் அல்லவா! அதே விதையை இரண்டு சட்டிகளில் போட்டு, ஒன்றுக்கு மட்டும் ஜிபரலின் என்ற வளர்ச்சி ஓமோனைத் தெளித்தேன். சில நாட்களிலேயே அது விறுவிறென்று எழும்பியது! அந்த ரகத்தில் ஜிபரலினை உண்டாக்கும் பரம்பரையலகு, அதாவது ஜீன், ஒன்று பழுது, அதனால்தான் தண்டு நீளாது. வெளியிலிருந்து கொடுத்தால் நீளும். இத்தனை வருடம் கரும்பலகையில் எழுதியதைக் கண்ணால் கண்டபோது வீட்டுக்குள்ளேயே துள்ளிக் குதித்தேன்.

சட்டிகளைக் கொண்டுபோய்க் காட்டினேன். மச்சாளின் கண்கள் விரிந்தன.

"அப்ப வயல் முழுக்க இத அடிப்பம் கா!"

"ஐயோ மச்சாள், தண்டு மெலிஞ்சு சாஞ்சிரும்."

மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு போனவர்தான், பிறகு என்னோடு கதைக்கவே இல்லை.

கதிர் முற்றுகிற நேரம் பார்த்து மழையும் காற்றும் பிடித்துக்கொண்டன. நெல் சாய்ந்தால் தண்ணீரில் கிடந்து முளைத்துவிடும்; மச்சாளுக்கு வேறு வருமானம் இல்லை. மழை விட்டதும் பாதையில் ஏறினேன். வாவியைக் கடக்கும் மிதவைக்கு எங்களூரில் அதுதான் பெயர்.

பக்கத்து நெட்டை நெல் பாய் விரித்ததுபோல் கிடந்தது. மச்சாளின் நெல் நின்றது! அப்படியே நின்றது!

வெட்டு மெசின் இறங்கிய அன்று, தரையில் விரித்த படங்கில் நெல் குவியக் குவிய எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பாத்தீங்களா மச்சாள், ஓமோன் குறைஞ்சதாலதான்..."

பாய்ந்து வந்து என் வாயைப் பொத்தினார். களத்தில் 'குறை' என்ற சொல்லே வரக்கூடாது, வந்தால் விளைச்சலும் குறைந்துபோகும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். நெல்லைக்கூட அங்கே, பெருகட்டும் என்று, 'பொலி' என்பார்கள். மெசின் வந்த பிறகும் மச்சாள் அதை விடவில்லை.

"வேற மாதிரிச் சொல்லு!"

வேறு சொல் தேடினேன். பற்றாக்குறை, குறைபாடு, குட்டை: நான் படித்த பாடம் முழுக்க அதுதான்.

"தண்டுக்குப் போற சத்தெல்லாம் கதிருக்குப் போய்ப் பொலிஞ்சிருக்கு மச்சாள்," என்றேன் கடைசியில்.

அதைவிடச் சரியாக நான் வகுப்பில்கூடச் சொன்னதில்லை.

மச்சாள் குவியலிலிருந்து ஒரு கை அள்ளி என் உள்ளங்கையில் வைத்தார்.

"அடுத்த போகத்துக்கும் இந்த விதைதான் கா," என்றார்.